அங்காயி கேட்ட ஒரு சாண் வெண்கலம்

தப்பு உம்முடையதுதான். வேறு யார் என்று திரும்பித் திரும்பிப் பார்க்க வேண்டாம். உம்மிடம் ஒருத்தி வந்து சின்னதாக ஒன்று கேட்டாள். நீர் பெரிதாக வேறொன்றைக் கொடுத்தீர். கொடுத்த கையோடு மாலையும் வாங்கிப் போட்டுக்கொண்டீர். அவள் கேட்டது என்ன என்று இப்போது கேட்டால் உமக்கு ஞாபகம்கூட இருக்காது.

அதனால் உட்காரும். மற்றவர்களும் உட்காருங்கள். சின்னவர்கள் முன்னால் வாருங்கள், பெரியவர்கள் பேச்சை நிறுத்துங்கள். ராஜாக்கள் காலத்துக் கதைதான். ஆனால் அதில் உள்ள குற்றம் இன்னும் பழையதாகவில்லை.

ஏழு ஏரி தாண்டி, எட்டாவது ஏரியும் தாண்டி, தங்கத்தைவிடத் தண்ணீருக்குச் சண்டை போடுகிற ஒரு நாடு இருந்தது. அதைக் கடம்பராயன் என்ற ராஜா ஆண்டான். நல்ல ராஜா. தொல்லையே அங்கேதான். கெட்ட ராஜாவாக இருந்தால் மண்ணை வாரித் தூற்றிவிட்டு நம் வேலையைப் பார்க்கலாம். இவன் இரக்கம் உள்ளவன். யார் கஷ்டம் சொன்னாலும் இவனுக்குக் கண் கலங்கிவிடும். கலங்கிய பிறகு அவன் காதில் ஒரு சொல்லும் ஏறாது.

அந்த நாட்டில் ஈச்சங்கரை ஏரி. ஏரிக்குக் கீழே நாற்பது வீட்டு நிலம். முதல் மதகை ஒட்டி மூன்று மா நிலம் அங்காயிக்குச் சொந்தம். ஏழு வயதில் அம்மை போட்டு அவளுக்கு இரண்டு கண்ணும் போயிருந்தன. புருஷனும் போய்ச் சேர்ந்துவிட்டான். நிலம் மட்டும் போகவில்லை, அவள் போக விடவில்லை. நாற்றைத் தொட்டே வயது சொல்லுவாள். சேற்றில் கால் வைத்தே எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று சொல்லுவாள். கண் போனதற்காக அவள் அழுது ஊரில் ஒருவரும் பார்த்ததில்லை. வண்டிக்காரன் கூலி கூட்டிச் சொன்னால் மட்டும் அவள் குரல் மூன்று தெருவுக்குக் கேட்கும்.

ஏரித் தண்ணீர் குறைந்துவிட்டால் அந்த ஊரில் முறை வைத்துத்தான் பாய்ச்சுவார்கள். எட்டு நாளுக்கு ஒரு முறை. ஒரு மா நிலத்துக்கு ஒரு வட்டில் நேரம்.

வட்டில் என்றால் சோறு போட்டுச் சாப்பிடுகிற வட்டில் இல்லை. செம்பில் அடித்த சின்னக் கிண்ணம். அதன் அடியில் ஊசி நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. பெரிய மண்தாழியில் தண்ணீர் நிரப்பி, கிண்ணத்தை மேலே மிதக்கவிடுவார்கள். ஓட்டை வழியாகத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். கிண்ணம் நிரம்பும், முழுகும். அது ஒரு வட்டில் நேரம். "முழுகிச்சு!" என்று வட்டில்காரன் சத்தம் கொடுப்பான். பிறகு கிண்ணத்தை எடுத்துக் கொட்டிவிட்டு மறுபடி மிதக்கவிடுவான். உன் கணக்கு வட்டில் முடிந்தால் உன் வாய்க்காலை அடைத்துவிட வேண்டும். தண்ணீர் அடுத்த வயலுக்குப் போய்விடும்.

வட்டிலில் காற்று படக்கூடாது என்று கரைமேல் ஒரு சின்னக் குடில். அதற்குள் தாழி. தாழிக்குப் பக்கத்தில் வட்டில்காரன் உடையாண்டி. கிண்ணம் அடியில் மோதி நசுங்கிவிடக்கூடாது என்று தாழியின் அடியில் மணல் பரப்பியிருந்தது. அதனால் அது முழுகும்போது ஒரு சின்னச் சத்தம்கூட வராது. முழுகியதைக் குடிலுக்குள் இருப்பவன்தான் பார்க்க முடியும். மற்றவர்கள் அவன் வாயை நம்ப வேண்டும்.

அங்காயிக்கு மூன்று மா. மூன்று வட்டில். அவள் நிலத்தில் மூன்று வரப்பு. முதல் வட்டில் முழுகும்போது தண்ணீர் முதல் வரப்பைத் தொடும், இரண்டாவதில் இரண்டாம் வரப்பை, மூன்றாவதில் மூன்றாம் வரப்பை. முப்பது வருஷமாக அப்படித்தான். அவள் பாதத்துக்கு அது பாடம்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. பயிர் சூல் கட்டுகிற நேரம். முறை வைத்தார்கள். அங்காயி வயலில் நின்றாள். உடையாண்டி கத்தினான், "முழுகிச்சு!" தண்ணீர் முதல் வரப்புக்கு வரவில்லை. "முழுகிச்சு!" முதல் வரப்பை நனைத்தது. "முழுகிச்சு! அக்கா, உன் முறை முடிஞ்சுது, அடை!" தண்ணீர் இரண்டாம் வரப்புக்குப் பாதி வழியில் நின்றது.

அங்காயி கரையேறினாள்.

"டே உடையாண்டி, மூணு வட்டில் தண்ணி ஒண்ணரை வட்டில் தூரந்தான் வந்திருக்கு. மீதி எங்கடா?"

"ஏரியில தண்ணி இல்லக்கா. வேகம் குறைஞ்சு போச்சு."

"வேகம் குறைஞ்சா என் காலுக்குத் தெரியும். வேகம் அப்படியேதான் இருக்கு. நேரந்தான் குறையுது."

உடையாண்டி சிரித்தான். "வட்டில் முழுகினதை நான் பார்த்தேன். நீ பார்த்தியா?"

கரையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். பக்கத்து வயல்காரன் பொம்மையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அங்காயிக்கு உச்சந்தலை வரை சூடேறியது. ஆனாலும் கோபத்தை அடக்கிக்கொண்டு, நியாயமான ஒன்றைக் கேட்டாள்.

"சரி, நான் பார்க்கலை. கேட்டுக்கிறேன். தாழி அடியில ஒரு சாண் வெண்கலத் தகடு போடு. கிண்ணம் முழுகினா 'ணங்'னு சத்தம் வரட்டும். உனக்கும் கத்துற வேலை மிச்சம்."

சொல்லுங்கள், இதில் என்ன கஷ்டம்? மலையைப் புரட்டச் சொன்னாளா? ஒரு சாண் தகடு!

உடையாண்டி உதட்டைப் பிதுக்கினான். "இது ராஜா முத்திரை போட்ட வட்டில். நசுங்கினா யார் பொறுப்பு? வட்டிலை எவன் தொட்டாலும் விரலை எடுத்துருவாங்க. ராஜாகிட்ட உத்தரவு வாங்கிட்டு வாக்கா."

வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று அங்காயி கிளம்பினாள். மூங்கில் கழியை எடுத்துக்கொண்டு, பாதையோரப் புல்லைக் காலால் தடவிக்கொண்டே அரைநாள் நடந்தாள். அரண்மனைக்குப் போய்ச் சேர்ந்தாள்.

ராஜா கேட்டான். ஏழு வயதில் பார்வை போனதைக் கேட்டான், கண் கலங்கினான். அதற்குப் பிறகு அவள் சொன்னது எதையும் கேட்கவில்லை.

"ஒரு சாண் தகடுதான் ராசா வேணும். தாழியில போடுறதுக்கு ஒரு உத்தரவு" என்றாள் அங்காயி.

"தகடா? தகடு கொடுத்தேன் என்று நாளைக்கு ஊர் சொல்லலாமா?" என்றான் ராஜா. "தாயே, உனக்குக் கண்ணே தருகிறேன். என் காவல்காரர்களில் ஒருவனை அனுப்புகிறேன். உனக்குப் பதிலாக அவன் வட்டிலைப் பார்ப்பான். அவன் கண் உன் கண்."

சபை ஆகா என்றது. மந்திரி நயினார் முதல் ஆளாக ஆகா என்றார்.

காவல்காரன் வந்தான். உடையாண்டி அவனுக்கு நிழலில் பாய் விரித்தான். கெண்டைக் குழம்பு வைத்துப் போட்டான், இளநீர் வெட்டிக் கொடுத்தான். அடுத்த முறை வந்தது. "முழுகிச்சு!" என்றான் உடையாண்டி. "முழுகிச்சு!" என்றது அங்காயியின் புதுக் கண், ஏப்பம் விட்டபடி. தண்ணீர் இரண்டாம் வரப்பைத் தொடவில்லை.

முன்பு ஒருவனை நம்ப வேண்டியிருந்தது. இப்போது இரண்டு பேரை நம்ப வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம்.

அங்காயி மறுபடி அரைநாள் நடந்தாள்.

"ராசா, அந்த ஆளைக் கூப்பிட்டுக்குங்க. நான் கேட்டது தகடு."

ராஜா மறுபடி கண் கலங்கினான். "முதலிலேயே எனக்குத் தோன்றாமல் போயிற்றே! குறை உன் கண்ணில் இருக்கும்போது, தாழியைத் திருத்தி என்ன பயன்? அரண்மனை வைத்தியர் உன் பார்வையைத் திருப்பித் தருவார்."

"ராசா, நாப்பது வருஷமா இது என் கண்ணு. இதோட எனக்கு ஒரு சண்டையும் இல்லை. சண்டை தாழியோட."

கேட்டால்தானே! வைத்தியர் அவளைக் கட்டிலில் படுக்க வைத்தார். ஏதோ ஒரு மூலிகைச் சாற்றைக் கண்ணில் பிழிந்து, துணியால் கட்டினார். பச்சை மிளகாயை அரைத்து அப்பியதுபோல எரிந்தது. ஆறு நாள் பிழிந்தார், ஏழாம் நாள் கட்டை அவிழ்த்தார். "என்ன தெரிகிறது?" என்றார். "உமக்கு வேறு வேலை இல்லைன்னு தெரியுது" என்றாள் அங்காயி.

அவள் ஊர் திரும்புவதற்குள் இன்னொரு முறை வந்து போய்விட்டது. கேட்க ஆளில்லாத வயலுக்கு எவ்வளவு தண்ணீர் வந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மண் பாதத்தில் குத்தியது. பயிரின் மடலை விரலால் நீவிப் பார்த்தாள். சூல் இருந்தது, ஆனால் தளர்ந்திருந்தது. அடுத்த முறையில் மூன்று வட்டில் தண்ணீரும் முழுசாக வந்தால் கதிர் வெளியே வரும். வராவிட்டால் வெறும் பதர். பதரை இடித்து ஒரு வருஷம் கஞ்சி குடிக்க முடியாது. அதோடு நிலமும் கைவிட்டுப் போகும்.

பக்கத்து வயலிலிருந்து பொம்மையன் கேட்டான். "என்னக்கா, கண்ணு வந்துச்சா?"

"வந்துச்சு. உன் பயிரும் மஞ்சளா இருக்கிறது தெரியுது."

அவன் பயிர் மஞ்சளாகத்தான் இருந்தது. சிரிக்கிற அவசரத்தில் அவன் அதைப் பற்றி யோசிக்கவில்லை. வாடிய பயிர் காற்றில் உரசுகிற சத்தம் வேறு. அவளுக்கு அது இரண்டு வயல் தள்ளியே கேட்கும்.

அங்காயி மூன்றாம் தடவையாக அரைநாள் நடந்தாள். கால் வீங்கியிருந்தது. சபையில் அவள் கும்பிடக்கூட இல்லை.

"ராசா. தகடு. ஒரு சாண். வெண்கலம். தாழி அடியில. இதுல எந்தச் சொல்லு உங்களுக்கு விளங்கலை?"

சபை நடுங்கியது. ராஜா நடுங்கவில்லை. உருகினான். "இந்த ஆவேசம் துக்கத்தின் ஆவேசம்" என்றான். பக்கத்தில் நயினார் காதோடு காதாக ஏதோ சொன்னார். ராஜா துள்ளி எழுந்தான். "ஈச்சங்கரையில் ஒரு கருணை மண்டபம்! பதினாறு தூண்! கண்ணற்றோர் மேல் நான் கொண்ட கருணையைக் கல்லில் வெட்டி வைக்கிறேன்! ஆயிரம் ஆள், நாலே நாள்!"

கேட்காத வேலை என்றால் அரண்மனையில் எவ்வளவு வேகம் பாருங்கள்! நாலு நாளில் மண்டபம் எழும்பிவிட்டது. எங்கே? கரைமேல், வட்டில் குடிலுக்கு எதிரே. கல் கொத்திய சில்லும் சாந்துக் கட்டியும் எங்கே விழுந்தன? அங்காயியின் வாய்க்காலில். கருணையைப் பற்றிச் சுவரில் நாற்பது வரி வெட்டினார்கள். அங்காயி குனிந்து, வாய்க்காலில் கிடந்த கருணையை இரண்டு நாள் கூடை கூடையாக அள்ளிக் கொட்டினாள்.

அள்ளி முடித்து, கையைக் கழுவிவிட்டு, அவள் நேராகக் கன்னார் தெருவுக்குப் போனாள். வெண்கலம் வார்க்கிற பெத்தபெருமாள் பட்டறை வாசலில் நின்றாள்.

"பெத்தபெருமாளு, உடைஞ்ச வெண்கலம் இருக்கா?"

"இருக்கு தாயி. நாலு படி கொள்ளு கொடு."

"உடைஞ்சதுக்கா நாலு படி? உருக்கிறதுக்குக் கரி செலவுன்னு நீயே மூலையில போட்டு வச்சிருப்பே. ஒரு படி."

"மூணு."

"ஒண்ணரை. எடு, தட்டிப் பார்க்கணும்."

அவன் மூன்று துண்டு எடுத்துப் போட்டான். ஒவ்வொன்றையும் நூலில் தொங்கவிட்டு நகத்தால் சுண்டினாள். முதல் துண்டு "டொக்" என்றது. "இதுல ஈயம் கலந்திருக்கே" என்றாள். இரண்டாவது இழுத்தது, நடுவில் கரகரத்தது. "விரிசல்" என்றாள். மூன்றாவது "ணங்" என்று போய், சுவரில் பட்டுத் திரும்பி வந்தது.

பெத்தபெருமாள் விலையை மறந்தான். "எதுக்கு தாயி இது?"

சொன்னாள். அவன் தலையைச் சொறிந்தான். "மணல்மேல அப்படியே வச்சிராத. படுத்த வெண்கலம் பேசாது. மூணு கூழாங்கல் வச்சு, அதுமேல தகட்டை வை. அடியில் இடம் இருந்தாத்தான் குரல் வரும். கொள்ளு ஒண்ணரைப் படியே போதும்."

"ஒரு படி. யோசனை சொன்னதுக்கு அரைப் படி. ஆக ஒண்ணரை" என்றாள் அங்காயி.

மண்டபம் திறக்கிற நாளும் அவள் முறையும் ஒரே நாளில் வந்தன. காலையில் ஊரே ராஜாவின் வரவுக்குத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தது. உடையாண்டி புதுத் தலைப்பாகை கட்டிக்கொண்டு எல்லைக்குப் போயிருந்தான். அங்காயி குடிலுக்குள் நுழைந்தாள். தாழிக்குள் தோள்வரை கையை விட்டாள். மணலில் மூன்று கூழாங்கல்லை அழுத்தி, அதன்மேல் தகட்டை வைத்தாள். கிண்ணம் பக்கத்துப் பலகையில் இருந்தது. அதை அவள் விரல் நுனியால்கூடத் தொடவில்லை. ஏன் தொடவில்லை என்று பிறகு தெரியும்.

ராஜா வந்தான். மேளம், கொம்பு, புகழ்ப் பாட்டு. நாற்பது வீட்டாரும் கரைமேல் நின்றார்கள். அங்காயி தன் வாய்க்காலை இன்னும் திறக்காமல், முதலில் காதால் அறிந்துகொள்ள, குடிலுக்குப் பத்தடி தள்ளி நின்றாள். உடையாண்டி குடிலுக்குள் போய்க் கிண்ணத்தை மிதக்கவிட்டான்.

"முழுகிச்சு!" உடையாண்டியின் குரல் குடிலுக்குள்ளிருந்து வந்தது. "ணங்" வரவில்லை.

"முழுகிச்சு!" வரவில்லை.

"முழுகிச்சு! அக்கா, அடை!" வரவே இல்லை.

இந்த வருஷப் பழக்கத்தில் உடையாண்டிக்குக் கிண்ணத்தைப் பார்க்கிற சிரமம்கூட இல்லாமல் போயிருந்தது. பாதி நிரம்பியதும் எடுத்துக் கொட்டுவான், கத்துவான், மறுபடி மிதக்கவிடுவான். அடியில் தகடு கிடப்பது அவனுக்கு எப்படித் தெரியும்?

அங்காயி ஏரிக்கரை அதிரக் கத்தினாள். "மேளத்தை நிறுத்து! ராசா, அந்த வட்டில் இன்னும் ஒரு தடவைகூட முழுகலை!"

மேளம் நின்றது. உடையாண்டி வெளியே ஓடிவந்தான். "மகாராசா, மூணு தடவை முழுகிச்சு. ரெண்டு கண்ணால பார்த்தேன்."

"அவனும் பார்க்க வேணாம், நானும் பார்க்க வேணாம்" என்றாள் அங்காயி. "கிண்ணம் மிதக்குது. இப்போ என் வாய்க்காலைத் திறக்கிறேன். யாரும் கை வைக்காதீங்க, யாரும் வாய் திறக்காதீங்க. காதை மட்டும் திறந்து வைங்க."

ராஜா கையைக் காட்டினான். கரை முழுதும் ஊமையானது. ஒரு குழந்தை விக்கியது, அதன் தாய் நெஞ்சைத் தடவினாள். காத்திருந்தார்கள். உடையாண்டியின் மூன்று "முழுகிச்சு"க்கும் ஆன நேரத்தில் பாதிக்கு மேல் காத்திருந்தார்கள். உடையாண்டியின் புதுத் தலைப்பாகை நனைந்துவிட்டது. வேர்வையில்தான்.

குடிலுக்குள்ளிருந்து ஒரு சத்தம். தெளிவாக, நீளமாக, "ணங்".

தண்ணீர் முதல் வரப்பைத் தொட்டிருந்தது. அங்காயி வயலில் இறங்கி அதில் காலை நனைத்து, வாய்க்காலை அடைத்துவிட்டு, "இப்போ வந்தது ஒரு வட்டில் தண்ணி" என்றாள்.

கரையில் ஒருவரும் சிரிக்கவில்லை. பொம்மையன் முதலில் தன் வயலைப் பார்த்தான். பிறகு உடையாண்டியைப் பார்த்தான். "டே, எனக்கும் இந்த அளவுதானாடா?" என்றான். நாற்பது பேரும் அதையே கேட்டார்கள். கண் உள்ள நாற்பது பேர்! திருடிய தண்ணீர் எங்கே போனது என்று விசாரித்தார்கள். கடைமடைக்கு அப்பால் மந்திரி நயினாரின் வெற்றிலைக் கொடிக்கால் கோடையிலும் பச்சைப் பசேலென்று இருந்ததன் காரணம் அப்போதுதான் ஊருக்கு விளங்கியது.

நயினார் சும்மா இருப்பாரா? "மகாராஜா, முத்திரை வட்டிலை இவள் தொட்டிருக்கிறாள். விரலை எடுக்க வேண்டும்" என்றார்.

"தாழி அடியில இருக்கிற மணலைத் தொட்டேன். வட்டிலைத் தொடலை. உத்தரவுல மணல்னு எழுதியிருக்கா?" என்றாள் அங்காயி. எழுதியிருக்கவில்லை.

"இவனைக் கழுவில் ஏற்று!" என்று ராஜா உடையாண்டியைக் காட்டிக் கர்ஜித்தான்.

"ஏத்தினா எனக்குத் தண்ணி வருமா? மந்திரி ஐயா கொடிக்காலுக்குப் போன தண்ணியைத் திருப்பச் சொல்லுங்க. வர்ற மூணு முறையும் கொடிக்காலை அடைச்சு, அந்தத் தண்ணி நாப்பது வீட்டுக்கும் போகட்டும்."

ராஜா சரி என்றான். கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் நல்ல ராஜா இருக்கிறானே! அவனுக்கு மறுபடி கண் கலங்கிவிட்டது.

"என் தாய் கேட்ட தகடு உடைந்த வெண்கலமாகவா இருப்பது?" என்றான். தன் வெற்றிலைத் தட்டை எடுத்தான். பத்தரை மாற்றுத் தங்கம். தாழியில் இருந்த வெண்கலச் சில்லைத் தூக்கி வெளியே எறிந்துவிட்டு, தட்டைத் தாழியில் போடச் சொன்னான்.

"ராசா, வேணாம். தங்கம்..." என்று தொடங்கினாள் அங்காயி. மேளம் அவள் குரலை மூழ்கடித்துவிட்டது. இரண்டாம் வட்டிலை மிதக்கவிட்டு, அங்காயியின் வாய்க்காலையும் திறந்துவிட்டார்கள். ராஜா குடில் வாசலை அடைத்து நின்றுகொண்டு, கருணையைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். நாற்பது வீட்டாரும் ராஜாவின் முகத்தைப் பார்த்தார்கள். ராஜா வானத்தைப் பார்த்தான்.

அங்காயி வயலுக்குள் இறங்கி நின்றாள். தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. இரண்டாம் வரப்பைத் தொட்டது, ஏறியது, தாண்டியது. கிண்ணம் எப்போதோ முழுகியிருக்க வேண்டும். அதற்கு மேல் வருவது பொம்மையன் முறைத் தண்ணீர்.

அவள் நினைத்திருந்தால் பேசாமல் நின்றிருக்கலாம். இத்தனை முறை அவளிடம் பிடுங்கிய தண்ணீர்தானே? அவள் பயிருக்குத் தாகம் அடங்கவில்லை. கணுக்காலைச் சுற்றி ஓடிய தண்ணீர் அவ்வளவு குளிர்ச்சியாக இருந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவன் வயல் காய்ந்தால் இவளுக்கு என்ன?

அவள் மண்வெட்டியால் வாய்க்காலை அடைத்தாள். அடைத்துவிட்டுக் கத்தினாள்.

"ராசா, பேச்சை நிறுத்துங்க! பொம்மையன் தண்ணி என் வயலில ஏறிட்டிருக்கு!"

ராஜா திரும்பிப் பார்த்தான். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். கிண்ணம் தங்கத் தட்டின் மேல் அசையாமல் கிடந்தது. எப்போது முழுகியது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

"தங்கம் மெத்து. அடிச்சாலும் பேசாது" என்றாள் அங்காயி. அவள் குரல் இப்போது உயரவில்லை. களைத்திருந்தது. "மூணு தடவை வந்தேன் ராசா. மூணு தடவையும் நீங்க உங்களுக்குப் பிடிச்சதைக் கொடுத்தீங்க. இது நாலாவது. எனக்கு என்ன வேணும்னு நான் சொன்னப்போ ஒரு தடவையாவது கேட்டிருந்தா, நாப்பது வீட்டுப் பயிரும் இந்நேரம் கதிர் தள்ளியிருக்கும்."

ராஜாவுக்கு இந்தத் தடவை கண் கலங்கவில்லை. முகம் சிவந்தது. வெளியே போய், புல்லில் தேடி, வெண்கலச் சில்லைத் தானே எடுத்தான். தாழிக்குள் தோள்வரை கையை விட்டான். பட்டு அங்கவஸ்திரம் நனைந்து கனத்தது. கூழாங்கல் எங்கே இருக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியவில்லை.

"இதை எப்படி வைக்கணும்?" என்று கேட்டான்.

அவன் ஆட்சியில் அங்காயியிடம் கேட்ட முதல் கேள்வி அது.

"மூணு கல்லும் சமமா இருக்கணும். இன்னும் கொஞ்சம் இடது பக்கம். ம். அவ்வளவுதான்" என்றாள்.

கூடுதலாக வந்த தண்ணீரைக் கழிக்க, மூன்றாம் வட்டிலில் பாதியைப் பொம்மையனுக்கு விட்டுவிடச் சொன்னாள். "வேணாம்க்கா, முழுசா எடுத்துக்க" என்றான் பொம்மையன், தலையைக் குனிந்துகொண்டு. "சும்மா கொடுத்தா வாங்க மாட்டேன், கணக்குப்படி விடு" என்று அதட்டினாள் அங்காயி. மூன்றாம் வட்டில் "ணங்" என்றது. தண்ணீர் மூன்றாம் வரப்பைத் தொட்டது. பன்னிரண்டாம் நாள் அவள் வயலில் கதிர் வெளியே வந்தது.

இந்தக் கதை சொல்லும் நீதி இது: பார்வை இல்லாதவருக்கு உதவ நினைக்கிறவர், என்ன வேண்டும் என்று அவரையே கேட்டு, அவர் சொன்னது எவ்வளவு சின்னப் பொருளாக இருந்தாலும் அதையே கொடுக்க வேண்டும்.

கேட்டீரா? இப்போது எழுந்திரும். உம்முடைய தர்ம ஆஸ்பத்திரியில் கண் தெரியாத அந்தப் பெண்ணுக்குக் கொடுக்கிற இரண்டு மருந்துப் புட்டியும் ஒரே உருவம், ஒரே மூடி. ஒன்று காலையில் குடிக்கிறது, இன்னொன்று காலில் தடவுகிறது. தடவுகிற புட்டியின் கழுத்தில் ஒரு ரப்பர் வளையம் மாட்டிக் கொடுங்கள் என்றுதான் அவள் கேட்டாள். நீர் மேடை போட்டுப் பொன்னாடை போர்த்தி அனுப்பிவிட்டீர். அவள் இன்றைக்கும் மூடியைத் திறந்து, மோந்து பார்த்து, பயந்து பயந்து குடிக்கிறாள். வளையத்தை எடும். போய் மாட்டும். நாளைக்கு இல்லை, இப்போதே.